பால் கண்ணாடியும் மலையக வெளிச்சமும்

டிக்கோயாவில், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அருகே, 1878ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற வார்லீ தேவாலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களைக் காண்கிறோம். வெயில் ஏறும்போது இத்தகைய சன்னல்கள் மாணிக்கமாய் ஒளிர்வதும், மூடுபனி இறங்கியதும் மங்கிப் போவதும் மலையகத்தார் அறிந்ததே. இரவில் உள்ளே விளக்கேற்றினால், உள்ளிருப்போர் கண்ணுக்கு ஊடொளிக் கண்ணாடி கரும்பலகையாகவே தோன்றும். பின்னாலிருந்து வரும் ஒளியை நிறமாக்கித் தருவதன்றி, அதனால் வேறொன்றும் இயலாது.

இக்குறைக்கு மாற்றாக அமைந்தது பால் கண்ணாடி. அமெரிக்க ஓவியர் ஜான் லா பார்ஜ் 1880இல் இவ்வகைக் கண்ணாடிச் சன்னலுக்குக் காப்புரிமை பெற்றார். லூயி டிஃபனி இதனை உலகறியச் செய்தார். பாலிலுள்ள நுண்ணிய கொழுப்புத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் பால் வெண்மையாகத் தெரிகிறதன்றோ? கண்ணாடிக் குழம்பில் புளோரைடு போன்ற பொருள்களைச் சேர்த்தால், ஆறும்போது அதனுள்ளும் நுண்துகள்கள் தோன்றி அவ்வாறே செய்கின்றன. ஆகவே முன்னிருந்து விழும் விளக்கொளியிலும் அதன் நிறம் தெரியும்.

பாதையோரத்து லயக் காம்பிராவின் சிறு சன்னலை எண்ணிப் பாருங்கள். ஊடொளிக் கண்ணாடி பதித்தால் போவோர் வருவோர் பார்வை உள்ளே விழும். முற்றும் ஒளிபுகாக் கண்ணாடி பதித்தாலோ, பனிக்காலத்தில் உள்ள சொற்ப வெளிச்சமும் போய், பகலிலேயே பிள்ளைகள் விளக்கடியில் படிக்க நேரும். இரண்டுக்கும் நடுவே, மெல்லிய பால் படர்ந்த தகடே அங்கு ஏற்றது. அடர்ந்த தகட்டை மின்குமிழை மறைக்கும் விளக்குக் கூட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடையில் தகட்டை மேசைமேல் கிடத்திப் பார்த்து வாங்கலாகாது. வாசலுக்குக் கொணர்ந்து, வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். பின்பு முன்னொளியிலும் பார்க்க வேண்டும். மேசைமேல் வெண்மையாய்க் கிடந்தது, ஒளிக்கு எதிரே தேன்நிறம் கொள்வதும் உண்டு. தகட்டின் பின்னே ஒரு சாண் தூரத்தில் கையை விரித்தால், நிழல் தெரிந்து விரல்கள் தெளியாதிருப்பது சன்னலுக்குப் பொருத்தம். கோடுகள் ஓடும் திசையையும் கவனித்து, இலையின் நரம்புக்கும் மலையின் சரிவுக்கும் அவற்றை இசைத்து வெட்டுக. வெட்டுக்கோட்டை வழுவழுப்பான பக்கத்தில் இடுக. ஒரே பெயருடைய தகடும் அடுத்த வார்ப்பில் நிறம் மாறக்கூடும். ஆதலின் தேவையானதை ஒருங்கே வாங்குவது நன்று.

ஈயப் பட்டையால் இணைக்கும் வேலைக்கு இவ்வளவு போதும். சூளையில் உருக்கி ஒட்டுவதாயின், நிறப் பொருத்தத்தோடு விரிவுப் பொருத்தமும் வேண்டும். இதற்கென விற்கப்படும் தகடுகளுக்கு 90, 96 என்னும் எண்கள் வழங்குகின்றன. ஒரு பாகை வெப்பம் ஏறினால் நீளம் கோடியில் எத்தனை பங்கு கூடும் என்பதே அவ்வெண். இரண்டையும் கலந்து சுட்டால், ஏறத்தாழ 800 பாகை செல்சியஸில் அழகாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போதோ ஒன்று கூடுதலாகவும் மற்றொன்று குறைவாகவும் சுருங்கும். அன்றே விரிசல் காணலாம். பல நாள் கழித்தும் காணலாம். பழைய சன்னல் கண்ணாடியையும் இவற்றோடு சேர்க்கலாகாது. எண் ஒன்றாயிருப்பது மட்டும் போதாது. ஒன்றோடொன்று பொருந்துமெனச் சோதித்து விற்கப்படும் ஒரே வகைத் தகடுகளையே கொள்க. பால் கண்ணாடியை அடியிலும் ஊடொளிக் கண்ணாடியை மேலும் அடுக்கினால் இரண்டின் நிறமும் துலங்கும்.

கண்ணாடி மலிவான பொருளன்று. மலைப்பாதையில் உடையாமல் கொணர்வதும் எளிதன்று. எனவே பெரிய தகட்டுக்குமுன் கையகலத் துண்டொன்றை வாங்குங்கள். அதனைப் பதிக்கப்போகும் சன்னலிலேயே, பனி மூடிய காலையிலும் விளக்கேற்றிய மாலையிலும் வைத்துப் பாருங்கள். இரு வேளையிலும் மனத்துக்குப் பிடித்தால் தயங்காது வாங்கலாம்.