புது ஊஃபரைப் போட்டு உலுக்காதீர்கள்

பூண்டுக்கு நல்ல விலை கிடைக்கிற வருடம் எங்கள் கவுஞ்சியில் பல பிக்கப் வண்டிகளில் புது சப் ஊஃபர் ஏறிவிடும். அதில் எனக்கு வருத்தமே இல்லை. விடியுமுன் மூட்டை ஏற்றி, பூம்பாறை, கொடைக்கானல் வழியாக மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போகிறவனுக்குப் பாட்டுதான் துணை. நானும் அந்த வழியில் ஓட்டுகிறவன்தான். நெஞ்சில் வந்து விழுகிற பாஸ் எனக்கும் பிடிக்கும்.

ஆனால் மாட்டிய அன்றே, "புதுசு டைட்டா இருக்கும், ஃபுல் வால்யூம்ல அடிச்சாத்தான் லூஸ் ஆகும்" என்று யாரோ சொன்னதை நம்பி, பையன்கள் மன்னவனூர் சாலையில் நடுராத்திரிவரை அலறவிடுகிறார்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

டைட்டாக இருப்பது உண்மைதான். ஊஃபரில் ஆடுகிற கூம்பான கோனைத் தாங்கிப் பிடிப்பவை இரண்டு: வெளியே தெரிகிற ரப்பர் விளிம்பு, உள்ளே பிசின் ஏற்றி மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி வளையம். இந்த வளையத்துக்கு ஸ்பைடர் என்று பெயர். புதிதில் அந்தப் பிசின் விறைத்திருக்கும். கோன் முன்னும் பின்னும் ஆட ஆட அது இளகும், ஊஃபரின் இயல்பான அதிர்வெண் கொஞ்சம் இறங்கும். இதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. சாதாரணமாகப் பாட்டுக் கேட்டாலே போதும்.

அதற்குப் பிறகும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் வெளியிட்டு, 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்தெழுதிய கணக்கை வைத்துத்தான் இன்றும் பெட்டி செய்கிறார்கள். அந்தக் கணக்குப்படி, சின்ன மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் பெரிய ஸ்பிரிங். ஸ்பைடர் கொஞ்சம் இளகினால் மொத்தத்தில் மாறுவது சொற்பம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுகிற எங்கள் ஊரில் பழைய ஊஃபரின் ரப்பரே காலையில் விறைத்துத்தான் கிடக்கும். வண்டிக்குள் சூடு ஏறும்வரை மெதுவாகப் பாடவிட்டால் தானாகச் சரியாகும்.

வேகமாக அடித்தால் வேலை சீக்கிரம் முடியும் என்பவர்கள் கோனை ஆட்டுகிற கம்பிச் சுருளான காயிலை மறந்துவிடுகிறார்கள். ஊஃபருக்குள் போகிற மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூடப் பெரும்பாலும் ஒலியாவதில்லை. மீதியெல்லாம் காயிலில் சூடு. செம்புக்கம்பி நூறு டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய நாற்பது சதவீதம் ஏறும், பாஸ் சுருங்கும். பாஸ் குறைகிறதே என்று பையன் ஆம்பின் கெயினை இன்னும் திருகுவான். சத்தம் கரகரக்கும், வார்னிஷ் கருகுகிற வாடை வரும், பூண்டு விற்ற காசு புகையாகப் போய்விடும். ஸ்பைடர் ஆட்டத்தில் இளகும்; காயிலுக்கு அப்படிப் பழக்கம் எதுவும் கிடையாது, சூட்டில் கெடுவது மட்டும்தான்.

ஊர்க்காரர்களின் தூக்கம் இன்னும் முக்கியம். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டரை மீட்டர். மண் சுவரும் தகரக் கூரையும் அதைத் தடுக்காது, கூடச் சேர்ந்து அதிரும். பகலெல்லாம் கேரட் பிடுங்கிவிட்டுப் படுத்திருக்கிறவர்கள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை விதித்த வரம்பு 45 டெசிபல்.

பாதையையும் சொல்லியாக வேண்டும். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. மூடுபனியில் எதிரே ஒருவர் ஏறி வருவதைச் சொல்வது ஹாரன் மட்டும்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஃபுல் பாஸில் வருகிறவனுக்கு அது கேட்காது. வளைவில் நிற்கிற காட்டு மாட்டுக்கு ஹாரனும் இல்லை.

ஊஃபர் மாட்டித் தருகிற கடைக்காரர்களே, வண்டியை அனுப்பும்போது நீங்களே கெயினை அளவாக வைத்து, "முதல் வாரம் பாதி வால்யூமுக்கு மேல் போகாதே, ஊருக்குள் பாஸைக் குறை" என்று சொல்லி அனுப்புங்கள். நாங்கள் சொன்னால் கேட்காத பையன்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.