ஆக்டிவா, பாசிவா?

மும்பை லாமிங்டன் ரோடிலோ பெங்களூர் எஸ்.பி. ரோடிலோ பவர் ஆம்ப்ளிபயர் தேடும் குமாஸ்தாவின் முன் நிற்கும் அடுத்த கேள்வி, பிரீ-ஆம்ப்ளிபயர் ஆக்டிவா, பாசிவா என்பது. விலை கூடியதே நல்லது என்று எண்ணி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் கை வைப்பது சரியல்ல.

பாசிவ் என்பது செலக்டர் சுவிட்சும் வால்யூம் கண்ட்ரோலும் கொண்ட பெட்டி, அவ்வளவே. அது சிக்னலைக் குறைக்குமே தவிரப் பெருக்காது. ஆக்டிவ் மின்சாரத்தில் இயங்கிப் பெருக்கும். நீண்ட ஒயருக்கும் ஈடுகொடுக்கும்.

பெருக்கம் தேவைதானா? சி.டி. பிளேயர் பொதுவாக 2 வோல்ட் வரை தருகிறது. பல பவர் ஆம்ப்ளிபயர்கள் முழுச் சக்தியுடன் பாட 1 முதல் 2 வோல்ட்டே போதும். அவற்றின் இன்புட் 47 கிலோ ஓம் அளவில் இருந்து, ஒயரும் ஒரு மீட்டருக்குள் அடங்கினால், 10 கிலோ ஓம் கண்ட்ரோல் உள்ள பாசிவ் பெட்டியே ஓர் அறை வீட்டுக்குத் தாராளம்.

இசைத்தட்டு கேட்பவர் நிலை வேறு. மூவிங் மாக்னெட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்கிச் சீராக்கும் போனோ பகுதி கட்டாயம் வேண்டும். பாசிவ் பெட்டியில் அது இராது. ஒயர் பல மீட்டர் நீண்டாலும் பாசிவில் ஜால்ராவின் கணீர் ஒலி மங்கக்கூடும். இத்தகையோருக்கு ஆக்டிவ் வீண் செலவல்ல.

ஆகவே, வீட்டிலுள்ள கருவிகளின் கையேட்டைப் பார்த்து, ஒயரை அளந்த பிறகே கடைப்படி ஏற வேண்டும். மிச்சமாகும் பணம் நல்ல ஸ்பீக்கருக்கு உதவும். இல்லையேல் ஊருக்குப் போகட்டும்.