வீடு கிடைத்தது, உரிமை எப்போது?

1954-ல் முதலமைச்சரான காமராஜர், சட்டமன்ற உறுப்பினராக வேண்டி இடைத்தேர்தலில் நின்ற தொகுதி குடியாத்தம். விருதுநகர்க்காரராயிற்றே என்று யோசிக்காமல் ஊர் அவரை ஜெயிக்க வைத்தது. வெளியூர்க்காரருக்கு ஓட்டுப் போட்ட இந்த வேலூர் மாவட்டத்தில்தான், மேல்மொணவூர் முகாமிலிருக்கும் இலங்கைத் தமிழர்கள் ஓட்டுரிமை இல்லாமல் தலைமுறைகளைக் கடத்துகிறார்கள்.

2023 செப்டம்பரில் அந்த முகாமில் புது வீடுகளை முதலமைச்சர் ஸ்டாலின் திறந்துவைத்தார். பல மாவட்டங்களிலுமாக 1,591 வீடுகள். 2021-லேயே உதவித்தொகை உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்றானது. மாநில அரசு தன்னால் முடிந்ததைச் செய்தது. குடியுரிமை டெல்லியின் கையில் இருக்கிறது.

முகாமில் பிறந்து வளர்ந்த பையன் இன்ஜினியரிங் முடித்திருப்பான். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பையன்கள் வளைகுடாவுக்குக் கிளம்புவதைப் பார்த்திருப்பான். கம்பெனிக்காரர் “பாஸ்போர்ட் இருக்கா?” என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். அப்பாவோடு பெயின்ட் அடிக்கப் போவான். வெளியூர் வேலைக்குப் போனாலும், ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் முகாமில் ஆஜராக வேண்டும்.

சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பின் உயிருக்குப் பயந்து படகேறியவர்கள் பாஸ்போர்ட்டோடு வரவில்லை. அரசே பதிவுசெய்து முகாமில் வைத்த இவர்களை, குடியுரிமைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்கிறது. அப்படிப்பட்டவர்கள் எத்தனை வருடம் இருந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் சிறுபான்மையினருக்கு இந்தத் தடையை நீக்கியது. இலங்கையை விட்டுவிட்டது.

சாதாரண மனிதன் விண்ணப்பித்துப் பெறும் நிரந்தர வசிப்புரிமையும் இங்கே இல்லை. 2016-ல் மத்திய அமைச்சரவை அப்படியொரு அந்தஸ்தை அந்நிய முதலீட்டாளர்களுக்கு மட்டும் ஏற்படுத்தியது: 18 மாதத்தில் 10 கோடி ரூபாய், அல்லது 36 மாதத்தில் 25 கோடி முதலீடு, 20 இந்தியருக்கு வேலை. பணத்துக்குத் திறக்கும் கதவு நாற்பதாண்டு வாழ்க்கைக்குத் திறக்காதா?

யாழ்ப்பாணத்தில் பிறந்து 1983-ல் சிறுவனாகக் கனடா போன கேரி ஆனந்தசங்கரி, 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சரானார். அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர், ஐந்தாண்டில் 1,095 நாள் நாட்டில் இருந்திருந்தால் குடியுரிமை கேட்கலாம். அதே காலத்தில் ராமேஸ்வரத்தில் இறங்கியவரின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாமில் இருக்கிறார்கள்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போன மலையகத் தமிழரின் வழக்கு இன்னும் வலுவானது. 1964-ல் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி அவர்களில் 5.25 லட்சம் பேருக்குக் குடியுரிமை தருவதாக இந்தியா ஒப்புக்கொண்டது. அந்த வம்சாவளியினர் பலர் இன்றும் அகதிகளாகவே பதிவாகியிருக்கிறார்கள். 2019-ல் இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், அவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வழிசெய்து தீர்ப்பளித்தார் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு, பிறப்பாலேயே இந்தியர் என்பதால் பாஸ்போர்ட் தரும்படி 2022-ல் அவரே உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அந்தப் பெண் ஓட்டுப் போட்டார்.

2025 செப்டம்பரில் ஒரு முன்னேற்றம் நடந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்கள்மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என உள்துறை அமைச்சகம் ஆணையிட்டது. தண்டிக்க வேண்டாதவர்கள் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரை எதற்கு?

அதை நீக்கும் திருத்தத்தைத் தமிழ்நாட்டின் 39 மக்களவை எம்.பி.க்களும் கட்சி பார்க்காமல் ஒன்றாகக் கேட்க வேண்டும். அதுவரை, பாகிஸ்தான் உள்ளிட்ட அந்த மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்குத் தரும் நீண்டகால விசாவை இவர்களுக்கும் தரலாம். மாநில அரசும் காத்திருக்க வேண்டியதில்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள். முகாம் முகாமாகச் சென்று அவர்களைக் கண்டறிந்து, பிறப்புச் சான்றிதழும் சட்ட உதவியும் கொடுத்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வைக்கும் வேலையை வருவாய்த் துறை மேல்மொணவூரிலிருந்தே தொடங்கலாம்.