பாலையின் காவலன்

ராஜஸ்தானின் பிகானேர், ஜெய்சால்மர், பார்மர் மாவட்டங்களில் ரயிலில் செல்வோர், மணல்மேடுகளில் இலையே இல்லாததுபோல் நிற்கும் ஒரு புதரைக் கண்டிருப்பர். 'ஃபோக்' என்பது அதன் பெயர். பார்வைக்கு அது வெறும் சுள்ளி. தார்ப் பாலைக்கோ அதுவே காவலன்.

இலைகளின் வேலையைப் பச்சைத் தண்டுகளே செய்வதால் அதற்கு நீர்ச் செலவு குறைவு. ஆழமாகவும் பக்கவாட்டிலும் ஓடும் வேர்கள் மணலைக் கட்டிப்போடுகின்றன. கோடைக் காற்றில் வயலும் சாலையும் தண்டவாளமும் மணலில் மூடாமல் காப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. ஒட்டகமும் ஆடும் இதை மேய்கின்றன. புதரடியில் பாலை எலிகள் வளை தோண்டுகின்றன. அந்த எலிகளை நம்பி நரியும் பருந்தும் வாழ்கின்றன. இதன் பூமொட்டைத் தயிரில் கலந்து உண்பது கிராமத்தார் வழக்கம்.

இத்தகைய செடி வேரோடு அழிந்து வருகிறது. இதன் வேர்க்கட்டை நல்ல கரி தருவதால் தோண்டி எடுக்கிறார்கள். நாட்டுக் கலப்பை புதரைச் சுற்றிச் சென்றது. டிராக்டர் அதைப் பெயர்த்தெறிகிறது. 1958ல் பணி தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய் மணல்மேடுகளை வயல்களாக்கியது. இப்பொழுது சூரிய மின் நிலையங்களுக்காகவும் நிலம் சமன் செய்யப்படுகிறது.

ஏழையின் அடுப்பு எரிய வேண்டாமா, நாட்டுக்கு மின்சாரம் வேண்டாமா என்று கேட்கலாம். இரண்டும் வேண்டும். ஆனால் வேரைத் தோண்டினால் அந்த விறகு ஒரு முறைதான். கிளையை மட்டும் வெட்டினால் செடி மீண்டும் தழைக்கும். மேடுகளை மொட்டையாக்கினால் மணல் முதலில் மூடுவது அதே ஏழையின் வயலைத்தான்.

பசுமை என்ற பெயரில் அன்னியச் செடியை நடுவதும் பரிகாரமாகாது. சீமைக்கருவேலை ராமநாதபுரத்தில் கண்ட தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

'ஓரண்' எனப்படும் கோயில் காடுகளை அளந்து வரையறுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது. அப்பணியைத் தாமதமின்றி முடிக்க வேண்டும். வேர் தோண்டுவதைத் தடுப்பதோடு, ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வழி செய்ய வேண்டும். மணல்மேடுகளில் ஃபோக் போன்ற உள்ளூர்ச் செடிகளையே நட வேண்டும். 1959 முதல் ஜோத்பூரில் இயங்கும் மத்திய வறள்நில ஆராய்ச்சி நிலையத்தின் அனுபவம் இதற்குக் கைகொடுக்கும்.

மணலை அள்ளிக் கொட்ட ஆண்டுதோறும் செலவிடுவதைவிட, மணலைப் பிடித்து நிற்கும் செடியை விட்டுவைப்பதே சிக்கனம். அரசினர் ஆவன செய்வார்களாக.