நாகதோஷமா, வயிற்றுத் தழும்பா?

வடமதுரைப் பக்கம் ஒரு பெண்ணுக்கு இரண்டு வருஷம் பிள்ளையில்லையென்றால் முதலில் போவது டாக்டரிடத்திற்கா, ஜோசியனிடத்திற்கா? நாகதோஷம் என்பான் ஒருவன். அரசமரத்தடி நாகருக்குப் பால் ஊற்று என்பான் இன்னொருவன். அடிவயிறு நோகிறதென்று அவள் சொன்னாலோ, பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்று மாமியாரே வாயை அடைத்து விடுவார். காட்டு வேலைக்கும் நூல் மில்லுக்கும் போய்ச் சம்பாதிக்கிற பெண்ணின் வலிக்கு நம் வீடுகளில் இவ்வளவுதான் யோக்கியதை.

தோழர்களே! அப்படிப்பட்ட பல வயிறுகளுக்குள் டாக்டர்கள் கண்டது என்ன? கருப்பை, சூற்பை, கருக்குழாய், குடல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர வேண்டியவை. சீழ் பிடித்தோ, கத்தி பட்டோ ஆறும்பொழுது தழும்பு நார்போல் வளர்ந்து இவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. சிசேரியனாலும் வரும், குடல்வால் ஆபரேஷனாலும் வரும், தகாத கையால் செய்த கருக்கலைப்பாலும் வரும், புருஷன் வெளியிலிருந்து கொண்டுவந்த மேகநோயாலும் வரும். நம் நாட்டில் காசநோயும் ஒரு பெருங்காரணம். இருமலே இல்லாமல் அது கருக்குழாயில் குடியிருக்கக் கூடும். அந்தக் கிருமியை 1882-லேயே காக் என்ற ஜெர்மானியர் கண்ணுக்குக் காட்டிவிட்டார். நாகதோஷத்தை இன்றுவரை எவன் காட்டினான்?

மாதவிலக்கு நாள் கழிந்தும் மாதக்கணக்கில் விடாத அடிவயிற்று வலி, உடம்பைத் திருப்பினால் உள்ளே இழுப்பது போன்ற நோவு, மலங்கழிக்கையில் வலி, புருஷனோடு சேரும்பொழுது ஆழத்தில் வலி ஆகியவை இதன் அறிகுறிகளாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைப் பேச வெட்கமாம்! தேரில் செதுக்கியிருப்பதைக் குடும்பத்தோடு நின்று பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு வெட்கமாம்! சிலருக்கு வலியே இராது; பிள்ளையில்லாமை ஒன்றுதான் தெரியும். முன்பு வயிற்றில் ஆபரேஷன் ஆனவள் வயிறு உப்பி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியாமல் துடித்தால் குடல் சிக்கியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வேப்பிலையடிக்க நேரமில்லை.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றவுடன் பாசாங்கு என்று தீர்ப்புச் சொல்லுகிறார்கள். ஒட்டுதல் ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் கருவியால் பார்த்தால்தான் நிச்சயமாகும். கண்ட ஒட்டுதலையெல்லாம் அறுத்துவிடுவதும் சரியல்ல. அறுத்த இடத்தில் மறுபடியும் ஒட்டக்கூடும். காசநோய் என்று தெரிந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இனாம்.

ஆண்பிள்ளைக்கோ முதல் பரிசோதனை ஒரு சிறு குப்பியில் முடிகிற காரியம். கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. இரண்டாம் மனைவி கூடாதென்று 1955-ல் சட்டம் வந்த பிறகும், அந்தக் குப்பியைத் தொடாமலே வேறு பெண் பார்க்கப் புறப்படுகிறவனை எந்த ஊர்ப் பஞ்சாயத்து நிறுத்திக் கேட்டது?