குரலுக்கேற்ற கட்டை

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

"எனக்குப் பாட வராது" என்று சொல்லாத மாணவர் நம்மில் எத்தனை பேர்? நண்பர்களே! நம்மில் பலருக்கு வராதது பாட்டு அன்று. பொருந்தாதது கட்டையே என்பது என் கருத்து.

ஆர்மோனியத்தின் கட்டைகளை வைத்துச் சுருதியைக் குறிப்பது நம் வழக்கம். மேல்நாட்டார் 'சி' என்பது நமக்கு ஒரு கட்டை. 'ஜி' ஐந்து கட்டை. கர்நாடக இசையில் ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், மகளிர் ஐந்து, ஐந்தரைக் கட்டையை ஒட்டியும் பாடுவர். ஒரு கட்டையில் பாடும் ஆடவரின் ஆதார சட்ஜம் வினாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது 208. ஆண்களின் குரல்நாண்கள் நீளமும் தடிப்பும் மிக்கவை. ஆதலால் மெதுவாக அதிர்கின்றன. இது இயற்கை; குறையன்று.

கட்டையை மாற்றினால் பாட்டு கெட்டுவிடாதா? கெடாது. சுரங்களுக்கு இடையிலுள்ள விகிதமே இராகம். எல்லாச் சுரங்களையும் ஒரே விகிதத்தில் இறக்கினால் மோகனம் மோகனமாகவே இருக்கும். ஆதார சுரத்துக்குப் பழந்தமிழர் இட்ட பெயரே 'குரல்' என்பதை எண்ணிப் பாருங்கள்!

பின், உச்சத்தில் பாடினால்தான் பாட்டு என்ற எண்ணம் எப்படி வந்தது? ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைக்கும் பாட்டு எட்டவேண்டும். செங்கோட்டை கிட்டப்பாவும் (1906-1933) கே.பி. சுந்தராம்பாளும் (1908-1980) உச்சக் குரலால் புகழ்பெற்றது அத்தகைய மேடையில்தான். எங்கள் கருங்குழிப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞரும் திறந்தவெளியில் விடிய விடிய அப்படியே பாடினர். அவர்கள் தொண்டை அதற்கென்றே பழகியது. இன்று ஒலிபெருக்கி வந்துவிட்டது. எண்ணம் மட்டும் போகவில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கு மெல்லிசை மன்னர் எம்.எஸ். விசுவநாதன் மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது, 55 வினாடிகளில் பாடவேண்டும் என்றும், இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றோரே பாடவேண்டும் என்றும் அரசு கூறியது. இராகம் சொல்லப்பட்டது, காலம் சொல்லப்பட்டது. கட்டை? அதை நாம்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். நாமோ இசைத்தட்டில் கேட்ட கட்டையிலேயே தொடங்குகிறோம். மேல் சுரம் வந்ததும் பாதிப் பேர் வாயை மட்டும் அசைக்கிறோம்!

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என்னைப் போன்றோர்க்குப் புதிய இடத்தில் வாய் திறப்பதே பெரும்பாடு. பிறர் கட்டையில் பாடிக் குரல் பிசிறினால், 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்று ஒதுங்கிவிடுவோம். எங்கள் ஊர் நடவு வயலில் என் தாயார் பாடக் கேட்டிருக்கிறேன். முன்பாட்டுக்காரி தன் தொண்டைக்கு ஏற்ப எடுப்பார், மற்றவர் பின்தொடர்வர். அங்கே 'எனக்குப் பாட வராது' என்று யாரும் சொல்வதில்லை.

வழி எளிது. பாட்டின் மிக உயர்ந்த இடத்தை முதலில் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் அரைக் கட்டை இறக்குங்கள்; மிகத் தாழ்ந்த இடத்தில் ஒலி அடங்கிப்போனால் அரைக் கட்டை ஏற்றுங்கள். இரண்டும் இயல்பாக வரும் இடமே உங்கள் கட்டை. நம் கல்லூரி விழாக்களில் மாணவியர் முன்பாடும் நாளில் அவர்கள் கட்டையும், மாணவர் முன்பாடும் நாளில் இவர்கள் கட்டையும் வைத்துச் சுருதிப்பெட்டியை முன்கூட்டியே சேர்த்துவைத்தால் என்ன? பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருதவேண்டும். கேட்பதற்கு மட்டும் அன்று, பாடுவதற்கும் உரியதே வாழ்த்துப்பாட்டு.