நான்காவது பெயரின் விலை

ஆராய்ச்சி இதழ்களின் அங்கீகாரப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, எந்த இதழ் நல்லது, எது போலி என்பதை இனி அந்தந்தக் கல்வி நிலையமே நிர்ணயித்துக்கொள்ளட்டும் என்று உயர்கல்வி மேலிடத்தார் செய்த முடிவைச் சுதந்திரம் என்று வரவேற்றவர்கள் உண்டு. நமக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. பட்டியல் போயிற்றே தவிர, ஓர் ஆசிரியரின் வித்வத்தைக் கூட்டல் கணக்கால் அளக்கும் வழக்கம் போகவில்லை. பிடித்துக்கொள்ளப் பட்டியலும் இல்லாத நிலையில், கல்லூரித் தேர்வுக் குழுக்கள் சைட்டேஷன் என்னும் மேற்கோள் எண்ணிக்கையையும், அதிலிருந்து கணக்கிடும் ஹெச்-இன்டெக்ஸையும் முன்னிலும் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். நாமறிந்த ஒரு நேர்முகத் தேர்வில், விண்ணப்பதாரர் எழுதிய கட்டுரை ஒன்றேனும் மேசைமேல் இருக்கவில்லை. அவருடைய கூகுள் ஸ்காலர் பக்கத்தின் அச்சுப் பிரதிதான் இருந்தது, ஹெச் எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டத்தோடு.

இந்தக் கூட்டல் கணக்கு எங்கே தவறுகிறது என்பதற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். மென்பொருள் சோதனைத் துறையில் மேரி ஜீன் ஹாரல்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை இருந்தார். நாற்பது வயதைக் கடந்து, 1988-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, பிற்பாடு ஜார்ஜியா டெக்கில் பணியாற்றி, 2013-ல் காலமானவர். ஒரு மென்பொருளில் ஒரே ஒரு வரியைத் திருத்தினாலும், நேற்றுவரை சரியாக ஓடியது இன்றும் ஓடுகிறதா என்று பழைய டெஸ்ட் கேஸ்களை மறுபடியும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அவை ஆயிரக்கணக்கில் குவிந்துவிட்டால், எவற்றை முதலில் ஓட்டினால் பிழை சீக்கிரம் அகப்படும் என்பது பெரிய பிரச்சினை. அதை ஆராய்ந்த 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்தத் துறையில் பிரசித்தமானது. அதில் முதலில் நிற்கும் பெயர் ரோதர்மெல், ஹாரல்டிடம் பயின்று டாக்டர் பட்டம் பெற்ற மாணவர். ஆசிரியையின் பெயர் நான்காவது, கடைசி. மறு ஆண்டில், தோல்வியுற்ற சோதனைகள் மிகுதியாகத் தொட்ட வரிகளைச் சிவப்பாகவும், வெற்றி பெற்றவை தொட்டவற்றைப் பச்சையாகவும் திரையில் காட்டி, பிழை ஒளிந்திருக்கும் இடத்தைக் கண்ணாலேயே தேடவைத்த டாரன்டுலா என்ற கருவி பற்றிய கட்டுரை வந்தபோதும், அவருடைய மாணவர் ஜோன்ஸின் பெயரே முதலில் நின்றது.

நமது மேலிடத்தார் 2018-ல் வகுத்த விதியின்படி, மூவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து எழுதிய கட்டுரைக்குரிய முழு மதிப்பெண்ணில் முதல் அல்லது பிரதான ஆசிரியர் எழுபது சதவீதம் பெறுவார்; மற்றவர் ஒவ்வொருவருக்கும் முப்பது. கட்டுரையைப் படிக்காமல் பெயர் நிற்கும் வரிசையை மட்டும் பார்த்து அந்த 2001-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு மதிப்பெண் போடும் குழு ஒன்று, ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்களை உருவாக்கிய அந்த அம்மையாருக்கு முப்பது சதவீதமே கொடுக்கும். மாணவனை முன்னே நிறுத்திவிட்டுத் தான் பின்னே நின்றதற்கு அவருக்குக் கிடைக்கும் சன்மானம் அதுதான். நம் கல்லூரிகளில் எத்தனையோ இளம் விரிவுரையாளர்கள், தாங்கள் எழுதிய கட்டுரையின் முதல் வரியில் துறைத்தலைவரின் பெயரை எழுதிவிட்டு வாய்மூடி நிற்பதற்கு இந்த எழுபது சதவீதமும் ஒரு காரணம் என்று நாம் திடமாக நம்புகிறோம்.

மேற்கோள் எண்ணிக்கையாவது நியாயம் செய்யுமா? டாரன்டுலாவை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பல, தங்கள் புதிய சூத்திரம் அதைவிடத் திறமாகப் பிழையைக் கண்டுபிடிக்கிறது என்று நிரூபிப்பதற்காகவே அதன் பெயரைச் சொன்னவை. பாராட்டியவனையும் முந்தியவனையும் எண் ஒன்றாகவே எண்ணுகிறது.

இதே மேலிடத்தாரின் பழைய சரித்திரம் மறக்கத்தக்கதன்று. 2010-ல் ஆசிரியரின் ஒவ்வொரு காரியத்துக்கும் புள்ளி என்று ஆரம்பித்தார்கள். புள்ளிக்காகவே இதழ்கள் முளைத்தன. 2016-ல், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் ஒரு கட்டுரையாவது பிரசுரமாகியிருக்க வேண்டும் என்றார்கள்; பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்களின் வாசலில் ஏழை மாணவர்களும் போய் நின்றார்கள். அந்த நிபந்தனையை 2022-ல் நீக்கினார்கள். 2017-ல் வெளியிட்ட பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை மறு ஆண்டு மே மாதத்தில் எடுத்தெறிந்தார்கள். அப்புறம் புதுப் பட்டியல் ஒன்று கண்டார்கள். அதையும் இப்போது கைவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மாறியது கணக்குப் புத்தகம். கணக்குப் பிள்ளையின் புத்தி மாறவேயில்லை. இடையில், அந்தந்த வருஷத்து விதியை நம்பி உழைத்த ஆசிரியர்களின் பதவி உயர்வு தள்ளிப்போனதற்கு எவரும் உத்தரம் சொன்னதில்லை.

எண்களை அறவே ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் துறையறிந்தவர்கள் கட்டுரையைக் கையில் எடுத்து வாசித்து மதிப்பிடுவதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். அது எவ்விதம் என்பதை ஆசிரியர்களையே கலந்து யோசிக்கட்டும். பட்டியலை எடுக்கத் துணிந்தவர்கள், அந்த எழுபதையும் முப்பதையும் முதலில் எடுக்கட்டும்.